துலானி டேவிஸ்: பேச விடாதவர்களுக்குப் பாட்டு எழுதியவர்

பாஸ்டனில் திருட்டு வழக்கில் பிடிபட்ட ஓர் இளைஞன் போலீஸ் விசாரணையில் இருக்கிறான். ஓபராவின், அதாவது மேற்கத்திய இசை நாடகத்தின், முதல் அங்கம் முடியப் போகிறது. அதுவரை அவன் அம்மா பாடிவிட்டார், அக்கா பாடிவிட்டார், தெருவில் சந்தித்த சூதாடி பாடிவிட்டான். கதாநாயகனுக்கு மட்டும் ஒரு முழுப் பாடல் இன்னும் வரவில்லை. இப்போதுதான் வாய் திறக்கிறான். உங்களுக்கு வேண்டியது என் கதை, என் உண்மையைத் தெரிந்துகொள்வதில் உங்களுக்கு விருப்பமில்லை என்ற பொருளில் ஒரு பாட்டு. பாடுவது விசாரிக்கிற போலீஸை நோக்கி. ஆனால் பணம் கொடுத்து உட்கார்ந்திருக்கிற நமக்கும் அதில் ஒரு பங்கு விழுகிறது.

அந்த இளைஞன் பின்னாளில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ். ஓபராவின் பெயர் 'எக்ஸ்: தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் மால்கம் எக்ஸ்'. இசை ஆண்டனி டேவிஸ், கதைச் சட்டகம் அவருடைய சகோதரர் கிறிஸ்டோபர் டேவிஸ். லிப்ரெட்டோ, அதாவது பாடுவதற்கென்றே எழுதப்படும் பிரதி, துலானி டேவிஸ். ஆண்டனிக்கு அவர் உறவில் அக்கா முறை. (இந்தக் கட்டுரையில் டேவிஸ் கூட்டம் கொஞ்சம் அதிகம். பின்னால் வரும் ஏஞ்சலா டேவிஸும் வயோலா டேவிஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை.)

கதாநாயகனை ஒரு அங்கம் முழுக்கக் காத்திருக்க வைக்கும் துணிச்சல் ஒரு கவிஞருக்கு எங்கிருந்து வந்தது? இந்த ஆய்வில் நான் பிடித்துக்கொண்டு போகும் நூல் அதுதான். துலானியின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்தால் கவிஞர், நிருபர், நாடக ஆசிரியர், நாவலாசிரியர், ஓபரா எழுத்தாளர், வரலாற்றுப் பேராசிரியர், இது போதாதென்று பௌத்தப் பூசாரி என்று நீண்டுகொண்டே போகும். பலதுறை வித்தகர் என்று ஒரு பட்டம் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே ஆள்தான் மேடைக்கு வருகிறார்: கதை கேட்கப்படுகிற, ஆனால் பேச விடப்படாத ஒருவர்.

துலானி 1949இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டனில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் கல்வித் துறை. ஹாம்ப்டன் சாதாரண ஊர் இல்லை. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அடிமைகள் தப்பி ஓடிவந்து அடைக்கலம் புகுந்த மன்ரோ கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மேரி பீக் என்ற ஆசிரியை ஒரு ஓக் மரத்தடியில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். 1863இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அந்த மரத்தடியில்தான் அங்குள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மரம் இன்றும் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. ஓர் எழுத்தைச் சத்தமாக வாசிப்பது, நாலு பேர் கூடி நின்று கேட்பது, அதனால் வாழ்க்கை மாறுவது. இதைப் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. வீட்டுக்கு வெளியிலேயே நின்றது.

1970இல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பட்டம். அப்புறம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே 'சன்-ரிப்போர்ட்டர்' என்ற கறுப்பின வாரப் பத்திரிகையில் நிருபர் வேலை. சிறைக் காவலரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று கறுப்பினக் கைதிகளின் 'சோலடாட் சகோதரர்கள்' வழக்கு, கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸ் மீதான வழக்கு போன்றவற்றைப் பற்றி எழுதினார். பகலில் கோர்ட், மாலையில் கவிதை. கவிஞர்கள் நிடோசாகே ஷாங்கே, ஜெஸ்ஸிகா ஹேகடார்ன் ஆகியோரோடு அந்த ஊரில் சேர்ந்து மேடை ஏறினார். 'துலானி' ஜூலு மொழிப் பெயர். அந்த மொழியில் 'துலா' என்றால் 'சத்தம் போடாதே, அமைதியாக இரு'. தாலாட்டில் வரும் சொல். வாழ்நாள் முழுக்க மேடையில் நின்று பேசிய ஒருவருக்கு இப்படி ஒரு பெயர். போகப்போக இது பொருத்தமான பெயராகத்தான் எனக்குப் படுகிறது.

மூன்று பேரும் நியூயார்க்கில் மறுபடி சேர்ந்தார்கள். ஷாங்கேயின் கவிதை நாடகம் 1976இல் பிராட்வே வரை போய்ப் பெரிய வெற்றி பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு மூவரும் 'வேர் தி மிசிசிப்பி மீட்ஸ் தி அமேசான்' என்ற நிகழ்ச்சியை ஜோசப் பாப்பின் பப்ளிக் தியேட்டரில் நடத்தினார்கள். மூன்று பெண் கவிஞர்கள், கூட ஒரு ஜாஸ் வாத்தியக் குழு. நாடகமா, கச்சேரியா, கவியரங்கமா என்று கேட்டால் மூன்றும்தான்.

துலானியின் கவிதைப் பயிற்சி ஜாஸ் வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று நடந்தது. செசில் டெய்லர், ஜோசப் ஜார்மன் போன்றவர்களோடு மேடை ஏறியிருக்கிறார். ஜார்மனைப் பின்னால் திருமணமும் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து புரூக்ளினில் ஒரு பௌத்த சங்கம் தொடங்கினார்கள். அந்த மேடைகளின் நடைமுறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாக்ஸபோன் ஊதுகிறவர் ஒரு மூச்சு இழுத்தால் கவிஞரின் குரல் காணாமல் போய்விடும். போட்டி போட்டுக் கத்தினால் இரண்டுமே கெடும். தாளில் வாசிக்கிறவருக்குப் புரியாவிட்டால் மேலே போய் மறுபடி படிக்கலாம். கிளப்பில் கையில் கிளாஸோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. வரி சின்னதாக இருக்க வேண்டும், முக்கியமான சொல் இரண்டு தடவை வர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக எந்த இடத்தில் நிறுத்திவிட்டு வாத்தியத்துக்கு வழி விடுவது என்று தெரிய வேண்டும். லிப்ரெட்டோ எழுத இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இருக்க முடியாது என்பது என் கணிப்பு. இசைக் கல்லூரியில் கற்றுத் தருவது ராகமும் சுரமும். எங்கே வாயை மூடுவது என்பது மேடையில் அடிபட்டுத்தான் வரும்.

அந்தக் காலத்துக் கவிதைகளில் இசை பற்றியவை 2020இல் 'நத்திங் பட் தி மியூசிக்' என்று தனித் தொகுப்பாக வந்தன. 1974 முதல் 1992 வரை எழுதியவை. இரவு விடுதிகள், நடனக் கூடங்கள், டாக்காரில் ஒரு தையற்கடை ஆகிய இடங்களிலிருந்து எடுத்த ஆவணப் படங்கள் என்று துணைத் தலைப்பு சொல்கிறது. கவிதையை 'ஆவணம்' என்று அழைப்பதில் பழைய நிருபர் எட்டிப் பார்க்கிறார். செசில் டெய்லரும் தெலோனியஸ் மங்கும் இருக்கிற அதே புத்தகத்தில் பேட் பிரெய்ன்ஸ் என்ற பங்க் ராக் குழுவும் இருக்கிறது. உயர்ந்த இசை, தாழ்ந்த இசை என்ற பங்காளிச் சண்டைக்கு இந்தக் கவிஞர் போகவே இல்லை. நேர்மையாகச் சொன்னால், மேலே நான் கட்டிய 'பேச விடாதவர்கள்' சட்டகத்துக்குள் இந்தத் தொகுப்பு அடங்கவும் அடங்காது. இது கேட்ட சந்தோஷத்தில் எழுதிய புத்தகம்.

பிழைப்பு பத்திரிகையில்தான் நடந்தது. 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் பத்தாண்டுக்கு மேல், மூத்த ஆசிரியர் பொறுப்பு வரை. அரீதா பிராங்க்ளினின் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய இசைத்தட்டுக் குறிப்புக்காக 1993இல் கிராமி விருது. அந்தப் பிரிவில் விருது பெற்ற முதல் பெண் அவர்தான்.

சரி, ஓபராவுக்கு வருவோம். மால்கம் எக்ஸை மேடைக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனை முதலில் நடிகரான கிறிஸ்டோபருக்கு வந்தது. அதை ஓபராவாகப் பார்த்தவர் ஆண்டனி. வார்த்தைக்கு துலானி. 1985இல் பிலடெல்பியாவில் ஒத்திகை வடிவம். 1986 செப்டம்பர் 28 அன்று நியூயார்க் சிட்டி ஓபராவில் அரங்கேற்றம். கிறிஸ்டோபர் கீன் இசைக்குழுவை நடத்தினார். பென் ஹோல்ட் மால்கமாகப் பாடினார். நல்ல பாரிடோன் குரல். நான்கே ஆண்டில், 1990இல், இளம் வயதிலேயே இறந்துபோனார். 1992இல் இசைத்தட்டு வந்தபோது மால்கமாகப் பாடியவர் யூஜின் பெரி.

ஓபரா வார்த்தையில் உள்ள சிக்கல் என்ன? அரை நிமிடத்தில் படித்துவிடக்கூடிய பத்து வரியைப் பாட மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஓர் உயிரெழுத்தை எட்டு சுரத்துக்கு இழுத்தால் சொல்லே அடையாளம் தெரியாமல் போய்விடும். நம் ஊரில் மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று பேசுவோம். ஓபராவில் பொதுவாகப் பாட்டுதான் முதலில். ஆனால் வரப்போகிற இசையின் எடையைத் தாங்குகிற அளவுக்கு அது மெலிந்திருக்கவும் வேண்டும். ஆண்டனியின் இசையிலோ இன்னொரு சிக்கல். வழக்கமான ஓபரா இசைக்குழுவுக்கு உள்ளேயே ஜாஸ் வாத்தியக்காரர்களின் சின்னக் குழு ஒன்று உட்கார்ந்து மனோதர்மமாக வாசிக்கும். அந்த இடங்களில் அன்று என்ன வாசிப்பார்கள் என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரியும். அதற்கும் சேர்த்து வார்த்தை இடம் விட வேண்டும். துலானிக்கு இது புது வேலை இல்லை.

முதல் அங்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1931, மிச்சிகன் மாநிலம் லான்சிங். கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் ஆதரவாளர்கள் மால்கமின் குடும்பமான லிட்டில் குடும்பத்தின் வீட்டில் கூடியிருக்கிறார்கள். அப்பா ஏர்ல் லிட்டில் வர வேண்டும், வரவில்லை. அம்மா லூயிஸ் பழைய இரவுகளின் பயத்தைப் பாடுகிறார். போலீஸ்காரர் வருகிறார்: ஏர்ல் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். அம்மாவின் மனம் சிதறுகிறது, குழந்தைகளை அரசாங்கம் ஆளுக்கொரு பக்கம் பிரிக்கிறது. எல்லா என்ற பெயருடைய அக்கா வந்து மால்கமை பாஸ்டனுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே 'ஸ்ட்ரீட்' என்ற பாத்திரம் அவனுக்கு இரவு வாழ்க்கையைக் காட்டிக் கொடுக்கிறான். இதில் ஒவ்வொருவரும் மால்கமைப் பற்றி, மால்கமுக்காக, மால்கமிடம் பாடுகிறார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு, கையில் விலங்கு விழுந்த பிறகு, அவன் முறை வருகிறது.

மெல்ல மெல்ல ஏறிவந்து உச்சத்தில் நாயகன் பாடுவது ஓபராவின் பழைய உத்திதானே என்று கேட்கலாம். ஓரளவு சரி. ஆனால் பழைய ஓபராவில் தாமதம் நாயகனின் பெருமையைக் கூட்டுவதற்கு. இங்கே தாமதமே குற்றச்சாட்டு. ஒரு கறுப்பினச் சிறுவனின் கதையை அவனைத் தவிர எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள் என்பதை விளக்காமல், அங்கத்தின் கட்டமைப்பிலேயே வைத்துவிட்டார் துலானி. கோர்ட்டில் உட்கார்ந்து குறிப்பு எடுத்த நிருபரும் கிளப்பில் சாக்ஸபோனுக்கு வழி விட்ட கவிஞரும் சேர்ந்து எழுதிய அங்கம் அது.

இன்னொரு நுட்பம் பாத்திரப் பங்கீடு. அம்மா லூயிஸாகப் பாடுகிற சோப்ரானோ பாடகியே பின்னால் மனைவி பெட்டியாக வருகிறார். பாஸ்டனில் வழி கெடுத்த ஸ்ட்ரீட்டாகப் பாடிய டெனர் பாடகரே, மால்கம் பின்னால் சேர்ந்த கறுப்பின முஸ்லிம் அமைப்பான நேஷன் ஆஃப் இஸ்லாமின் தலைவர் எலைஜா முகம்மதுவாகவும் வருகிறார். இழுத்த குரலும் மீட்ட குரலும் ஒன்றே. இதற்கு மேல் ஒரு விமர்சனம் வேண்டுமா?

பதினோரு ஆண்டு கழித்து ஆண்டனியும் துலானியும் சேர்ந்த 'அமிஸ்டாட்' வந்தது. 1997 நவம்பர் 29, சிகாகோ லிரிக் ஓபரா, இயக்கம் ஜார்ஜ் சி. வுல்ஃப். 1839இல் கியூபாவுக்குப் பக்கத்தில் ஒரு கப்பலில் அடிமைகளாக அடைக்கப்பட்டிருந்த மேற்கு ஆப்பிரிக்க மெண்டே மக்கள் எழுச்சி செய்து கப்பலைக் கைப்பற்றியதும், அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கியதும், உச்ச நீதிமன்றம் 1841இல் அவர்களை விடுவித்ததும்தான் கதை. இந்த வரலாற்றில் ஒரு இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். சிறையில் இருந்தவர்களின் மொழி யாருக்கும் புரியவில்லை. யேல் பல்கலைக்கழகத்து ஜோசையா கிப்ஸ் அவர்களிடம் விரல் காட்டி ஒன்று முதல் பத்து வரை மெண்டே மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டார். துறைமுகம் துறைமுகமாகப் போய் அந்த எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஜேம்ஸ் கோவி என்ற மாலுமி காது கொடுத்தார், அவருக்குப் புரிந்தது, மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். கைதிகளின் பக்கத்துக் கதை அதன் பிறகுதான் அவர்கள் வாய்மொழியாகக் கோர்ட்டுக்குள் வந்தது. துலானியின் கைக்கு இந்தக் கதை வராமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் 'அமிஸ்டாட்' முதல் தடவை 'எக்ஸ்' அளவுக்குப் பிடி கொடுக்கவில்லை. என் பார்வையில் காரணம் நெரிசல். வழிமறித்து விளையாடும் குறும்புத் தெய்வம், நீரின் தேவதை, கைதிகள், வழக்கறிஞர்கள், முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் என்று மேடையில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று சொல்ல இருக்கிறது. யாரைக் காக்க வைப்பது என்று முடிவெடுத்ததில்தான் 'எக்ஸ்' வென்றது. இங்கே யாருமே காத்திருக்கவில்லை. போதாக்குறைக்கு அதே கதையில் ஸ்பீல்பெர்கின் படம் அடுத்த மாதமே வெளியானது. 2008இல் சார்ல்ஸ்டன் நகரத்து ஸ்போலெட்டோ விழாவுக்காக இசையையும் வார்த்தையையும் திருத்திச் சுருக்கினார்கள். தன் வரியைத் தானே வெட்டச் சம்மதிப்பதும் அந்தக் கிளப் மேடைப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

நாடகத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1999இல் பப்ளிக் தியேட்டரில் வந்த 'எவ்ரிபடீஸ் ரூபி'. 1952இல் புளோரிடாவின் லைவ் ஓக் ஊரில் ரூபி மெக்காலம் என்ற வசதியான கறுப்பினப் பெண் ஒரு வெள்ளைக்கார டாக்டரைச் சுட்டுக் கொன்றார். இருவருக்கும் என்ன உறவு, அவர் ரூபியை எப்படி நடத்தினார் என்பதை முழுமையாகச் சொல்ல நீதிபதி விடவில்லை. பத்திரிகைக்காரர்கள் ரூபியைச் சந்திக்கவும் தடை. 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழுக்காக அந்த விசாரணையை எழுதப் போனவர் எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன். துலானி இருவரையும் ஒரே நாடகத்தில் வைத்தார். ரூபியாக வயோலா டேவிஸ், ஸோராவாக ஃபிலிசியா ரஷாட். பாஸ்டன் விசாரணையில் மால்கம் பாடியதையே புளோரிடா கோர்ட்டில் ரூபியும் சொல்லியிருக்கலாம். சொல்ல விட்டிருந்தால்.

நாவல்கள் இரண்டு. முதலாவதான '1959' (1992) வர்ஜீனியாவின் ஒரு சிற்றூரில், பில்லி ஹாலிடே இறந்த ஜூலை நாளில் பன்னிரண்டு வயதாகும் வில்லி டாரன்ட் என்ற சிறுமி சொல்லும் கதை. அந்த 'டாரன்ட்' எங்கிருந்து வந்தது என்று 2006இல் வந்த 'மை கன்ஃபெடரேட் கின்ஃபோக்' படித்தவர்களுக்குத் தெரியும். துலானியின் கொள்ளுப்பாட்டி, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற குளோயி டாரன்ட் கரி. கொள்ளுத்தாத்தா வில் கேம்பெல், மிசௌரியிலிருந்து மிசிசிப்பிக்குப் பருத்தி விளைவிக்க வந்த வெள்ளைக்காரர். கேம்பெல்கள் உள்நாட்டுப் போரில் கன்ஃபெடரேட் பக்கம், அதாவது அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம், நின்று போரிட்ட குடும்பம். பாட்டி எழுதத் தொடங்கி முடிக்காமல் போன குடும்பக் கதையைப் பேத்தி எடுத்து ஆவணக் காப்பகங்களில் தேடிப் புத்தகமாக்கினார். வெள்ளைக்காரப் பக்கத்துக்குக் கடிதம், பத்திரம், நிலக் கணக்கு என்று காகிதம் நிறைய இருக்கிறது. குளோயியின் பக்கத்தில் அவ்வளவு இல்லை. அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்பிவிடாமல் இடைவெளியாகவே காட்டியதுதான் அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது.

அந்தத் தேடல் அவரை விடவில்லை. அறுபது வயதுக்கு மேல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் (2013), பிறகு விஸ்கான்சின்-மேடிசனில் பேராசிரியர் வேலை. 2022இல் 'தி எமான்சிபேஷன் சர்க்கிட்' என்ற வரலாற்று நூல். விடுதலை பெற்ற மக்கள் தென் மாநிலங்களில் ஊருக்கு ஊர் எப்படிக் கூட்டம் கூட்டினார்கள், செய்தி எந்த வழியாகப் பயணித்தது என்று வரைபடம் போடுகிற புத்தகம். ஹாம்ப்டன் ஓக் மரத்துக்கே திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே 2022இல் டெட்ராய்ட் ஓபரா ராபர்ட் ஓஹாராவின் இயக்கத்தில் 'எக்ஸ்'ஸை மறுபடி மேடையேற்றியது. 2023 நவம்பர் 3 அன்று அது மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு வந்தது. வில் லிவர்மன் மால்கம், மேடைக்கு மேலே ஒரு ராட்சத விண்கலம். அரங்கேற்றத்துக்கும் இதற்கும் இடையே 37 ஆண்டு. சிட்டி ஓபரா இருந்த அரங்கமும் மெட் அரங்கமும் லிங்கன் சென்டரில் ஒரே திறந்தவெளியைச் சுற்றித்தான் நிற்கின்றன. நடந்தால் ஒரு நிமிடம். 1883இல் தொடங்கிய மெட்டில் ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் ஓபரா முதன்முதலாக நடந்ததே 2021இல்தான். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில் பெரிய அரங்குகள் தங்கள் பட்டியலைத் திருப்பிப் பார்க்க வேண்டிவந்தது. 'எக்ஸ்'ஸின் தரம் திடீரென்று உயரவில்லை. தயாராக ஒரு படைப்பு அலமாரியில் இருந்தது, அவ்வளவுதான்.

மறுவருகையிலும் ஒரு பழைய வழக்கம் மாறவில்லை. ஓபரா என்றால் இசையமைப்பாளர் பெயரில்தான் அழைப்பார்கள். 'ஆண்டனி டேவிஸின் எக்ஸ்' என்பார்கள், வார்த்தை எழுதியவர் இரண்டாம் பத்தியில் வருவார். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஓபராக்களை ரசிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவற்றை எழுதியவர் பெயர் தெரியும்? அது துறையின் வழக்கம், யாருடைய சதியும் இல்லை. ஆனால் அந்த முதல் அங்கத்து மௌனம் இசையமைப்பாளருடையது மட்டும் அல்ல என்பதைச் சொல்ல யாராவது வேண்டும் இல்லையா?

மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சி. 1965 பிப்ரவரி 21, ஹார்லெம் பக்கத்து ஆடுபன் கூடம். மெக்கா போய்த் திரும்பி எல் ஹஜ் மாலிக் எல் ஷபாஸ் என்ற பெயரோடு வந்திருக்கும் மால்கம் மேடை ஏறுகிறார். கூட்டத்தைப் பார்த்து அஸ்ஸலாமு அலைக்கும் என்கிறார். துப்பாக்கிச் சத்தம். அவருக்கு வீரமரணப் பாட்டு கிடையாது, பிரியாவிடை வரிகள் கிடையாது. சாகிற நாயகன் பத்து நிமிடம் பாடிவிட்டுச் சாவது வழக்கமாக இருக்கிற ஒரு கலையில், சலாம் சொன்ன இடத்திலேயே பேனாவை மூடி வைத்துவிட்டார் துலானி.